நடையும் வேகமும்: ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்குப் போகும் மொரீஷியஸ் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மொரீஷியஸில் ஸ்பானிஷ் கற்க வருபவர் ஏற்கெனவே நான்கு மொழிகளைக் கையில் வைத்திருப்பார். பள்ளியில் ஆங்கிலம், பத்திரிகையில் பிரெஞ்சு, வீட்டிலும் தெருவிலும் க்ரியோல், கோவிலிலும் வகுப்பிலும் தமிழ். ஹோட்டல் வரவேற்பில் நிற்பவர், மலைப்பாதைக்கு ஆள் கூட்டிப் போகிறவர், மொழிபெயர்ப்புப் படிக்கிறவர் என்று யாராக இருந்தாலும் நடப்பது, ஓடுவது, சீக்கிரம், மெதுவாக ஆகிய சொற்களில் தடுக்கி விழுகிறார்கள். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதால் எல்லாரும் ஆங்கில வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டே ஸ்பானிஷுக்குப் போகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் அது சுற்றுவழி. தமிழ் வழியாகப் போனால் பாதித் தூரம் குறையும்.

இந்தப் பக்கத்தில் ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் எப்படிப் படிக்க வேண்டும்?

நெடில் வரும் இடத்தில் அழுத்தம், குறில் வரும் இடத்தில் அழுத்தம் இல்லை. இது வெறும் அழகுக்கு இல்லை. 'கமீனொ' என்றால் 'நான் நடக்கிறேன்', அல்லது 'பாதை'. 'கமினோ' என்று கடைசியில் அழுத்தினால் 'அவர் நடந்தார்'. அழுத்தம் இடம் மாறினால் ஆளும் காலமும் மாறிவிடும்.

உச்சரிப்பு லத்தீன் அமெரிக்க வழக்கு. ஸ்பெயினின் பெரும்பகுதியில் சில 'ஸ' ஒலிகளை நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள். அப்படிச் சொல்லாவிட்டாலும் யாருக்கும் புரியாமல் போகாது. உயிரெழுத்துகளுக்கு நடுவில் வரும் 'த' தமிழில் 'அது', 'இதோ' என்று சொல்வதைப் போலவே மென்மையானது. பிரெஞ்சு பேசுகிறவர் இங்கே திணறுவார், தமிழருக்குக் கஷ்டமே இல்லை. சொல்லின் முதலில் வரும் 'ர' எப்போதும் நாக்கு அதிர வர வேண்டும். 'பெலொஸிதாத்' போன்ற சொற்களை எழுதுவது 'வீ' எழுத்தில், ஒலிப்பது 'பம்பாய்' என்பதில் வரும் முதல் ஒலியைப் போல.

'ஹி ரான் இன்ட்டு த ஹவுஸ்' என்பதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது? சொல்லுக்குச் சொல் போட்டால் ஏன் தப்பாகிறது?

ஆங்கிலம் வினைச்சொல்லில் 'எப்படி' என்பதை வைக்கிறது (ரான்), திசையை ஒரு சின்ன ஒட்டில் தள்ளிவிடுகிறது (இன்ட்டு). ஸ்பானிஷ் தலைகீழ். முக்கிய வினை திசையைச் சொல்லும், எப்படி என்பது துணையாக ஒட்டிக்கொள்ளும்: 'என்த்ரோ கொர்ரியேந்தொ என் ல காஸ'. அதாவது 'நுழைந்தான், ஓடி, வீட்டில்'.

இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'வீட்டுக்குள் ஓடி வந்தான்', 'ஓடி நுழைந்தான்'. நுழைவதும் வருவதும்தான் முற்றுவினை, ஓடுவது வினையெச்சம். ஸ்பானிஷின் '-ஆந்தொ', '-இயேந்தொ' விகுதிகள் இந்த வாக்கியங்களில் செய்யும் வேலையைத்தான் நம் 'ஓடி', 'நடந்து', 'நொண்டி' செய்கின்றன. பிரெஞ்சும் இதே கட்சி: 'இல் ஏ ஆந்த்ரே ஆன் கூரான்'. ஆங்கிலம் மட்டும் தனி. லெனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் 1985-இல் வெளியான கட்டுரையில் இந்த வேறுபாட்டை விரித்து எழுதினார். திசையை வினையில் வைக்கும் மொழிகள், திசையை ஒட்டில் வைக்கும் மொழிகள் என்ற பிரிவு அங்கிருந்துதான் பரவலானது.

ஆகவே வேலை செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் ஆங்கில வாக்கியத்தில் இன், அவுட், அப், டவுன், அக்ராஸ் எங்கே என்று தேடுங்கள். அதை வினையாக்குங்கள்: என்த்ரார் (நுழை), ஸலீர் (வெளியேறு), ஸுபீர் (ஏறு), பஹார் (இறங்கு), க்ருஸார் (கடந்து போ). பிறகு ஆங்கில வினையை '-ஆந்தொ', '-இயேந்தொ' ஆக்கிப் பின்னால் வையுங்கள். கடைசியாக, அந்தப் பின்பகுதி தேவையா என்று கேளுங்கள்.

இந்தக் கடைசிப் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். 'ஷி வாக்ட் அவுட் ஆஃப் த ரூம்' என்பதற்கு 'ஸலியோ தெ ல அபிதஸியோன்' போதும், 'அறையிலிருந்து வெளியே போனாள்'. ஓடாமல், ஊர்ந்து போகாமல், மனிதர் சாதாரணமாக நடந்துதான் போவார். அதை 'ஸலியோ கமினாந்தொ' என்று எழுதினால், தூக்கு நாற்காலியில் உள்ளே போனவர் தன் காலால் வெளியே வந்தார் என்பதைப் போல் தொனிக்கும். நொண்டிக்கொண்டு வந்தால் மட்டும் சொல்லுங்கள்: 'ஸலியோ கொஹெயாந்தொ'.

வரிசையிலும் ஒரு கவனம் வேண்டும். தமிழில் எச்சம் முன்னால், முற்று பின்னால். ஸ்பானிஷில் முற்று முன்னால். 'ஓடி நுழைந்தான்' என்பதைக் கண்ணாடியில் பார்த்தால் ஸ்பானிஷ்.

தமிழில் 'வீட்டுக்குள் ஓடினான்' என்றும் சொல்கிறோமே. அதை அப்படியே மாற்றலாமா?

முடியாது. தமிழ் ஸ்பானிஷை விடத் தாராளமானது. 'வீட்டுக்குள் ஓடினான்' என்றால் வெளியிலிருந்து உள்ளே போனான் என்று நமக்குப் புரியும். ஸ்பானிஷில் 'கொர்ரியோ தேன்த்ரொ தெ ல காஸ' என்றால், ஏற்கெனவே உள்ளே இருந்தவன் அங்கேயே ஓடினான் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

வாசல், எல்லை, கரை என்று ஒன்றைக் கடந்தால் திசைவினை கட்டாயம். கடக்கவில்லை என்றால் ஓட்டத்தையே முற்றுவினையாக வைக்கலாம். 'கொர்ரியோ அஸ்த ல புவேர்த', அதாவது 'கதவு வரைக்கும் ஓடினான்', முழுக்கச் சரி. 'கொர்ரியோ பொர் எல் பஸீயொ', 'நடைக்கூடத்தில் ஓடினான்', இதுவும் சரி. கதவைத் தாண்டிய கணத்தில் 'என்த்ரோ' வந்தே ஆக வேண்டும். நீந்தி ஆற்றைக் கடப்பதும் இப்படித்தான்: 'க்ருஸோ எல் ரீயொ அ நாதொ'. இங்கே '-ஆந்தொ' இல்லாமல் 'அ நாதொ' என்ற தனித் தொடர் வருகிறது.

'வாக்' என்பதற்கு அந்தார், கமினார், பஸெயார் என்று மூன்று சொல் அகராதியில் இருக்கின்றன. எதை எடுப்பது?

லத்தீன் அமெரிக்கரிடம் பேசினால் கமினார். ஸ்பெயின்காரரிடம் அந்தார், கமினார் இரண்டும் போகும், அன்றாடப் பேச்சில் அந்தார் கொஞ்சம் கூடுதல். மெக்ஸிகோ போன்ற நாடுகளில் அந்தார் 'சுற்றிக்கொண்டிருப்பது', 'இருப்பது' என்ற பக்கம் சாய்ந்துவிடுகிறது. சந்தேகமாக இருந்தால் கமினார் எங்கும் செல்லும். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தாரின் இறந்தகாலம் ஒழுங்கில்லாதது: 'நான் நடந்தேன்' என்பதற்கு 'அந்தூபெ', 'அந்தே' அல்ல. ஸ்பானிஷ்காரர்களே சில சமயம் இதில் சறுக்குவார்கள். 'கமினே' என்றால் தலைவலி இல்லை.

பஸெயார் வேறு. காற்று வாங்க, பொழுது போக நடப்பது. தமிழில் 'உலாவு', 'உலாத்து'. க்ரியோலில் 'ப்ரோம்னே' என்றால் காரில் ஊர் சுற்றுவதும் அடங்கும். பஸெயாரும் அதேபோல் வண்டி, படகு எல்லாவற்றுக்கும் பொருந்தும். போர்ட் லூயிஸ் கோதான் கடற்கரையில் மாலை நேரம் நடப்பதை 'பஸெயார்' என்னலாம். அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் நடந்து போவதை அப்படிச் சொல்ல முடியாது.

போக்குவரத்து வகையைச் சொல்லும்போது, பஸ்ஸிலா, காரிலா, நடந்தா என்றால், 'ஈர் அ பியே'. 'எஸ்தா அ தியேஸ் மினூத்தொஸ் அ பியே' என்பது ஹோட்டல் வரவேற்பில் ஒரு நாளைக்குப் பலமுறை தேவைப்படும் வாக்கியம்: 'நடந்து போனால் பத்து நிமிடத்தில் வரும்'. 'வாக்கிங் டிஸ்டன்ஸ்' என்ற ஆங்கிலத் தொடருக்கு ஸ்பானிஷில் பெயர்ச்சொல் தேடாதீர்கள். 'ஸெ புவேதெ ஈர் அ பியே', 'நடந்தே போகலாம்', அவ்வளவுதான்.

'ஐ வில் வாக் யூ ஹோம்' என்பதில் நடையே மறைந்துவிடும்: 'தெ அக்கொம்பாஞொ அ காஸ', 'வீடு வரைக்கும் துணைக்கு வர்றேன்'. நாயை வாக் கூட்டிப் போவது மட்டும் பஸெயாரிலேயே நிற்கும்.

ஸ்ட்ரோல், ஸ்ட்ரைட், ட்ரட்ஜ், ஷஃபிள், ஸ்டாகர் என்று ஆங்கிலத்தில் நடைக்கு எத்தனை சொற்கள்! ஸ்பானிஷில் ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டா?

பலவற்றுக்கு இல்லை. அதைப் பற்றாக்குறை என்று நினைக்க வேண்டாம், தமிழிலும் இதே கதைதான். நாம் 'நட' என்ற ஒரு வினையை வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் ஒன்றைக் கட்டுகிறோம்: விறுவிறுவென்று நட, காலைத் தேய்த்துத் தேய்த்து நட, எட்டி நட, தத்தித் தத்தி நட, பதுங்கிப் பதுங்கி நட. ஸ்பானிஷ் அதையே பின்னால் கட்டுகிறது. நம் இரட்டைக்கிளவி உட்காரும் இடத்தில் அவர்கள் 'அ' அல்லது 'தெ' போட்டு ஒரு தொடரை உட்கார வைக்கிறார்கள்.

ஸ்ட்ரைட் என்றால் எட்டு வைத்து நடப்பது: 'கமினார் அ ஸன்காதஸ்'. ஸன்காத என்றால் ஒரு நீண்ட எட்டு. விறுவிறுவென்று நடப்பது 'அ பாஸொ லிஹேரொ'. நுனிக்காலில் நடப்பது 'தெ புன்தீயஸ்'. இங்கே வினை நடையாக இருக்க வேண்டியதில்லை, நுனிக்காலில் நுழைந்தாள் என்றால் 'என்த்ரோ தெ புன்தீயஸ்'. ஷஃபிளுக்கு 'அர்ரஸ்த்ரார் லொஸ் பியேஸ்', கால்களை இழுப்பது. 'காலை இழுத்து இழுத்து' என்று நாம் சொல்வதும் இதுவே.

தனி வினை உள்ளவையும் உண்டு. நொண்டுவது 'கொஹெயார்'. தள்ளாடுவது 'தம்பலெயார்ஸெ', குடித்தவனுக்கும் பொருந்தும், அடி வாங்கியவனுக்கும் பொருந்தும். இலக்கில்லாமல் அலைவது 'பகார்' அல்லது 'தெயம்புலார்'. ஸ்ட்ரோலுக்கு ஏற்கெனவே சொன்ன பஸெயார், அல்லது 'தார் உன் பஸேயொ'. ஹைக்கிங் ஸ்பெயினில் 'ஸெந்தெரீஸ்மொ'. லத்தீன் அமெரிக்காவில் 'கமினாத்த' என்ற சொல்லும் பரவலாகக் கேட்கும்.

க்ரால் என்பதைத்தான் இரண்டாக உடைக்க வேண்டும். குழந்தை முழங்காலும் கையும் ஊன்றித் தவழ்ந்தால் 'கத்தெயார்', பூனை என்று பொருள்படும் 'காத்தொ'விலிருந்து வந்தது. வயிறு தரையில் பட ஊர்ந்தால் 'அர்ரஸ்த்ரார்ஸெ'. தமிழர் இதில் தப்புச் செய்ய வழியே இல்லை, 'தவழ்' வேறு 'ஊர்' வேறு என்று நம் மொழியே பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தைப் பார்த்து எழுதும்போதுதான் குழந்தை பாம்பைப் போல் ஊரத் தொடங்குகிறது.

ட்ரட்ஜ், ப்ளாட் இரண்டுக்கும் ஒற்றைச் சொல் தேடி நேரம் வீணாக்காதீர்கள். 'கமினார் கொன் திஃபிகுல்தாத்', சிரமப்பட்டு நடப்பது, போதும். களைப்பா, சேறா, சுமையா என்று காரணத்தை வாக்கியத்தில் சேர்த்தால் ஆங்கிலச் சொல்லின் பாரம் அதில் வந்துவிடும்.

'சீக்கிரம் வா' என்பதற்கு ஸ்பானிஷில் என்ன?

எந்தச் சீக்கிரம்? தமிழர் இந்தத் துறையில் செய்யும் தவறுகளில் இது முதலிடம். காரணம் ஆங்கிலமோ பிரெஞ்சோ அல்ல, நம் சொல்தான். சீக்கிரம் மூன்று பொருளை ஒரே பையில் போட்டுக்கொண்டு வருகிறது. வேகமாக வா என்றால் 'ராப்பிதொ'. கொஞ்ச நேரத்தில் வந்துவிடு என்றால் 'ப்ரோன்தொ'. வழக்கத்துக்கு முன்னால், காலையிலேயே வா என்றால் 'தெம்ப்ரானொ'. ஆங்கிலத்தில் முறையே க்விக்லி, ஸூன், எர்லி.

ஒரு சோதனை: 'சீக்கிரம்' இருந்த இடத்தில் 'வேகமாக' போட்டுப் பாருங்கள். 'நாளைக்கு வேகமாக எழுந்திரு' என்றால் சிரிப்பு வருகிறதா, அப்படியானால் தெம்ப்ரானொ. 'குழந்தை வேகமாகக் குணமாகும்' என்பது ஓரளவு ஒட்டுகிறதா, அங்கே ராப்பிதொவும் வரலாம், ப்ரோன்தொவும் வரலாம். ஸ்பெயினில் ப்ரோன்தொவுக்கு 'முன்கூட்டியே' என்ற பொருளும் உண்டு. 'எஸ் முய் ப்ரோன்தொ' என்று ஸ்பெயின்காரர் சொன்னால் 'இன்னும் நேரமாகவில்லை' என்கிறார், 'வெகு சீக்கிரத்தில்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஃபாஸ்ட், க்விக் இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? ஸ்பானிஷில் அது தெரியுமா?

ஃபாஸ்ட் என்றால் அடிக்கும் வேகம் அதிகம்: ஃபாஸ்ட் கார். க்விக் என்றால் எடுக்கும் நேரம் குறைவு: க்விக் லன்ச். வேகமான கார் ஒரு மணி நேரம் ஓடலாம், க்விக் லன்ச் பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டும். 'ஃபாஸ்ட்லி' என்ற சொல்லை எழுதாதீர்கள், ஃபாஸ்ட் அப்படியே வினையடையாகவும் நிற்கும். ஸ்பானிஷில் இரண்டுக்கும் ராப்பிதொ. வினையடையாக வந்தால் மாறாது. பெயரைச் சார்ந்து வந்தால் பால், எண் பார்த்து ராப்பித, ராப்பிதொஸ், ராப்பிதஸ் என்று மாறும். 'கொமீத ராப்பித' என்றால் துரித உணவு. 'பெலோஸ்' என்ற சொல்லும் உண்டு, அது 'கடுகி விரையும்' என்பதைப் போல எழுத்து நடை.

கடிகாரம் ஃபாஸ்ட் என்றால் ராப்பிதொ போடக் கூடாது. 'மி ரெலோஹ் அதெலான்த', 'என் கடிகாரம் முந்தி ஓடுகிறது'.

தைப்பூசக் காவடி பற்றி ஸ்பானிஷில் எழுத வேண்டும். 'தே ஃபாஸ்ட் ஃபார் டென் டேஸ்' என்பதை என்ன செய்வது?

இந்த ஃபாஸ்ட்டுக்கும் வேகத்துக்கும் இன்று ஒரு சம்பந்தமும் இல்லை, இது விரதம். அகராதிச் செயலியில் தனிச் சொல்லாகத் தட்டினால் ராப்பிதொ முன்னால் வந்து நிற்கும். பத்து நாள் விரதம் இருந்த பக்தர்கள் பத்து நாளும் விரைந்து ஓடியவர்களாகிவிடுவார்கள். விரதம் 'அயூனொ', விரதமிருப்பது 'அயுனார்'. 'பத்து நாள் விரதமிருந்து வெறுங்காலோடு கோவில் வரை நடக்கிறார்கள்' என்பது: 'அயூனன் தியேஸ் தீயஸ் இ கமீனன் தெஸ்கால்ஸொஸ் அஸ்த எல் தேம்ப்லொ'. 'தெஸ்கால்ஸொ' ஆளைப் பொறுத்து மாறும். ஒரு பெண் என்றால் தெஸ்கால்ஸ, பெண்கள் மட்டும் என்றால் தெஸ்கால்ஸஸ், கலந்த கூட்டம் என்றால் தெஸ்கால்ஸொஸ். காவடியைத் தோளில் தூக்கிப் போகும் அந்த ஊர்வலத்துக்கு 'ப்ரொஸெஸியோன்' பொருத்தம், 'தெஸ்ஃபீலெ' வேண்டாம். அது அணிவகுப்பு, கார்னிவல் பக்கம் போய்விடும்.

தீமிதிக்கு ஸ்பானிஷ் வாசகரிடம் விளக்கம் குறைவாகவே போதும், அவர்கள் ஊரிலும் நடக்கிறது. ஸ்பெயினின் ஸோரியா மாகாணத்தில் ஸான் பேத்ரொ மன்ரீக்கெ என்ற சிற்றூரில் ஜூன் 23 இரவு, புனித யோவான் திருநாளுக்கு முந்தைய இரவு, கனிந்த தணல் மேல் வெறுங்காலில், பலர் முதுகில் இன்னொருவரைச் சுமந்துகொண்டே கடக்கிறார்கள். அதன் பெயர் 'பாஸொ தெல் ஃபுவேகொ', நெருப்பைக் கடப்பது. கவனியுங்கள், அவர்களும் 'நடத்தல்' என்ற சொல்லை எடுக்காமல் 'கடத்தல்' என்ற சொல்லை எடுத்திருக்கிறார்கள். மேலே சொன்ன திசைவினை விதி திருவிழாப் பெயரிலும் எட்டிப் பார்க்கிறது. நம் தீமிதியை விவரிக்க 'கமினார் ஸோப்ரெ ப்ராஸஸ்', தணல் மேல் நடப்பது, என்று எழுதலாம்.

'மெதுவாகப் பேசுங்கள்' என்று கேட்டால் சிலர் குரலைத் தாழ்த்துகிறார்கள். ஏன்?

'மெதுவாக' தமிழிலேயே இரட்டைப் பொருள். வேகம் குறைப்பதும் மெதுவாக, சத்தம் குறைப்பதும் மெதுவாக. க்ரியோலில் 'தூஸ்மா' அப்படியே. ஸ்பானிஷில் வேகத்துக்கு 'தெஸ்பாஸியொ', சத்தத்துக்கு 'என் போஸ் பாஹ'. ஆனால் லத்தீன் அமெரிக்காவில் சில இடங்களில் தெஸ்பாஸியொவும் 'தாழ்ந்த குரலில்' என்ற பொருள் தரும். ஆகவே விருந்தினர் பேசுவது புரியாதபோது 'மாஸ் லேன்தொ, பொர் ஃபபோர்' என்றால் குழப்பமே வராது.

ஸ்பீட், வெலாசிட்டி, வேகம், திசைவேகம், கதி: இயற்பியல் பாடத்தில் எதற்கு எது?

தமிழ்நாட்டுப் பாடநூலில் ஸ்பீட் என்றால் வேகம், வெலாசிட்டி என்றால் திசைவேகம். இலங்கைப் பாடநூலில் ஸ்பீட் என்றால் கதி, வெலாசிட்டி என்றால் வேகம். ஒரே 'வேகம்' இரண்டு இடத்தில் இரண்டு பொருள். இரண்டு நாட்டுத் தமிழ்ப் புத்தகங்களும் நம் அலமாரிக்கு வரக்கூடும் என்பதால், கணக்கைப் பார்க்கும் முன் புத்தகம் எங்கே அச்சானது என்று பாருங்கள்.

ஸ்பானிஷில் அன்றாடப் பேச்சுக்குப் 'பெலொஸிதாத்' ஒன்றே போதும். இயற்பியல் வகுப்பில் பிரித்துக் காட்ட வேண்டியபோது, திசையில்லாத அளவுக்கு 'ரப்பிதேஸ்', திசையோடு சேர்ந்ததற்குப் பெலொஸிதாத்.

மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை எப்படிச் சொல்வது? நடைவேகத்துக்கு வேறு முறை உண்டா?

எண்ணுக்கு முன்னால் 'அ' போடுங்கள்: 'அ ஸியேன்தொ தியேஸ் கிலோமெத்ரொஸ் பொர் ஓர', மணிக்கு 110 கிலோமீட்டர். நம் மோட்டார்வேயில் அதிகபட்ச வரம்பு அதுதான். 'வேகத்தைக் குறைக்கவும்' என்ற பலகை ஸ்பானிஷில் 'ரெதூஸ்க ல பெலொஸிதாத்'. வரம்பை மீறியதற்கு அபராதம் 'மூல்த பொர் எக்ஸேஸொ தெ பெலொஸிதாத்'.

நடப்பவரும் ஓடுபவரும் 'பேஸ்' என்று சொல்வது ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்பதை. ஸ்பானிஷில் அது 'ரீத்மொ'. 60-ஐ மணி வேகத்தால் வகுத்தால் கிடைக்கும்: மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவரின் ரீத்மொ 12 நிமிடம், 6 கிலோமீட்டர் என்றால் 10 நிமிடம். எண் குறையக் குறைய ஆள் வேகமானவர். பெலொஸிதாத் கூடினால் ரீத்மொ எண் இறங்கும் என்பதை மறந்து மொழிபெயர்த்தால் 'வேகம் அதிகரித்தது' என்பது 'சோர்ந்துவிட்டார்' ஆகிவிடும்.

புயல் செய்தியில்? வகோவா வானிலை நிலையம் நான்காம் எச்சரிக்கை விடும்போது மணிக்கு 120 கிலோமீட்டர் காற்றுவீச்சு பதிவாகியிருக்கும். அந்த வீச்சு 'ராஃபகஸ்', பிரெஞ்சில் 'ராஃபால்'. சராசரிக் காற்று வேகத்தோடு அதைக் கலக்கக் கூடாது. கடல்மொழியில் நாட் என்பது 'நூதொ', ஒரு நூதொ மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆகவே 120 என்பது ஏறக்குறைய 65 நூதொஸ். புயல் நகர்வதைச் சொல்ல 'ஸெ தெஸ்ப்லாஸ', இடம்பெயர்கிறது. புயலை நடக்க விடாதீர்கள்.

பஸ் ஓடுகிறது, மெட்ரோ ஓடுகிறது என்பதற்குக் கொர்ரேர் போடலாமா?

வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் இங்கே கைகோத்துக்கொண்டு ஏமாற்றும். வண்டி நிறுத்தத்துக்கு வருவதைப் 'பாஸ' என்பார்கள், தடத்தில் இயங்குவதைச் 'ஸிர்கூல'. 'எல் மேத்ரொ பாஸ காத தியேஸ் மினூத்தொஸ்' என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு மெட்ரோ. நம் மெட்ரோ எக்ஸ்பிரஸ் வண்டிகளே ஸ்பெயினின் காஃப் நிறுவனம் கட்டியவை, சொல்லையாவது அவர்கள் முறைப்படி வைத்துக்கொள்வோம்.

பிரெஞ்சு மார்ஷே, க்ரியோல் மார்ஸே இரண்டும் நடப்பது. ஸ்பானிஷ் மர்ச்சார் அதே சொல்தானே?

உறவு உண்டு, பொருள் அதே இல்லை. தனியாக மர்ச்சார் என்றால் படைநடை, அணியாகச் செல்வது. 'மர்ச்சார்ஸெ' என்றால் கிளம்பிப் போய்விடுவது. 'மெ மார்ச்சொ' என்று ஒருவர் சொன்னால் 'நடக்கிறேன்' என்கிறார் என்று நினைத்து 'எவ்வளவு தூரம்?' என்று கேட்காதீர்கள். அவர் விடைபெறுகிறார்.

'மார்ச்ச' என்ற பெயர்ச்சொல் இன்னும் அலையும். காரின் கியர் மார்ச்ச, பின்னோக்கிப் போகும் கியர் 'மார்ச்ச அத்ராஸ்'. இயந்திரத்தை ஓட விடுவது 'பொனேர் என் மார்ச்ச'. ஸ்பெயினில் 'ஈர் தெ மார்ச்ச' என்றால் இரவில் கூத்தடிக்கப் போவது. விருந்தினர் இதைக் கேட்டால் மலைப்பாதை வரைபடத்தை எடுத்து நீட்ட வேண்டாம்.

'இதோ வர்றேன்' என்பதற்குப் 'பேங்கொ' என்றேன். ஏன் விநோதமாகப் பார்த்தார்கள்?

கேட்பவர் இருக்கும் இடத்துக்கு நாம் போவதைத் தமிழும் ஆங்கிலமும் 'வா' பக்கம் வைத்துச் சொல்கின்றன. ஸ்பானிஷ் பேசுபவர் தன் காலடியிலிருந்து பார்க்கிறார். அவருக்கு அது போவது. 'யா போய்!' என்பதே சரி. 'போய்' என்றால் 'நான் போகிறேன்'. ஒலி தற்செயலாக நம் 'போய்' போலவே இருப்பது நினைவில் வைக்க வசதி. பேங்கொ, பேசுபவர் இப்போது நிற்கும் இடத்துக்கு வருவதற்கு மட்டும்.

அவசரத்தைச் சொல்வதில் தமிழ் உதவும். 'எனக்கு அவசரம்' என்பது 'தேங்கொ ப்ரீஸ', என்னிடம் அவசரம் இருக்கிறது. ஆங்கிலம், பிரெஞ்சு பார்த்து 'ஸோய்' (ஆங்கிலத்தில் 'ஐ ஆம்') போட்டுத் தொடங்காதீர்கள். அவசரப்படுத்துவது ஸ்பெயினில் 'தாத்தெ ப்ரீஸ', லத்தீன் அமெரிக்காவில் 'அப்பூரத்தெ'. இரண்டும் நீ, வா, போ என்று பழகும் ஆளுக்கு. பெரியவருக்கும் விருந்தினருக்கும் 'தேஸெ ப்ரீஸ', 'அப்பூரெஸெ'. க்ரியோலின் 'தெகாஸே' போல எல்லாரிடமும் வீசக் கூடாது.

நத்தை வேகம் என்பதற்கு? அவர்கள் நம்மைப் போல ஆமையைப் பிடித்திருக்கிறார்கள்: 'அ பாஸொ தெ தொர்த்தூக'.

மலைப்பாதையில் ஸ்பானிஷ் பேசும் குழுவை அழைத்துப் போக எந்த வாக்கியங்கள் போதும்?

லெ பூஸ் 812 மீட்டர், லெ மோர்ன் 556 மீட்டர். இரண்டிலும் அடிப்பகுதி சுலபம், உச்சிக்கு அருகில் கையையும் ஊன்ற வேண்டும். மழை பெய்தால் மண்ணும் பாறையும் வழுக்கும். வாயில் தயாராக இருக்க வேண்டியவை சில. 'ஸீகன்மெ', என் பின்னால் வாருங்கள். 'பாயன் தெஸ்பாஸியொ, எல் ஸ்வேலொ எஸ்தா ரெஸ்பலதீஸொ', மெதுவாகப் போங்கள், தரை வழுக்குகிறது. 'நொ கோர்ரன்', ஓடாதீர்கள். 'கேதன் பேய்ன்தெ மினூத்தொஸ்', இன்னும் இருபது நிமிடம். இவை பலரை மரியாதையோடு விளிக்கும் வடிவம். ஒருவரிடம் மட்டும் என்றால் ஸீகமெ, பாய, நொ கோர்ர.

இறங்கும்போதுதான் கால் வழுக்கும். அப்போது 'பாஸொ அ பாஸொ', அடிமேல் அடி வைத்து, என்று சொல்லலாம். இதே தொடர் அலுவலகத்திலும் உதவும்: 'ஷி வாக்ட் மி த்ரூ த ஃபார்ம்' என்ற ஆங்கிலத்தில் யாரும் நடக்கவில்லை, 'மெ எக்ஸ்ப்லிகோ எல் ஃபொர்முலாரியொ பாஸொ அ பாஸொ', படிவத்தை எனக்குப் படிப்படியாக விளக்கினாள்.